தருமச் சங்கம் கடன் சங்கமான கதை

ஊருக்கு நல்லது செய்ய வேண்டுமென்று நாலு பெரிய மனிதர்கள் கூடிச் சங்கம் ஆரம்பிப்பது எளிது. முதல் ஆண்டில் நன்கொடை தாராளமாக வரும். இரண்டாம் ஆண்டில் அது பாதியாகும். ஐந்தாம் ஆண்டில் செயலாளர் தம் கைப்பணத்தைப் போட்டு ரசீதுப் புத்தகம் அச்சடிப்பார். பத்தாம் ஆண்டில் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சும். நம் கிராமங்களில் பலரும் கண்ட காட்சிதான் இது.

சுமார் 170 ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில், ரைன் நதிக்கரையை ஒட்டிய ஹெட்டஸ்டார்ஃப் என்ற ஊரில் ஏற்பட்ட ஒரு தருமச் சங்கமும் இதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அது பெயர்ப்பலகையோடு முடிந்து போகவில்லை. 10 ஆண்டுகள் கழித்துத் தன்னைத் தானே கலைத்துக்கொண்டு, வேறு உருவில் பிழைத்தெழுந்தது. இன்று தமிழ்நாட்டில் பயிர்க்கடனுக்கும் உரத்துக்கும் விவசாயிகள் படியேறும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு அதுதான் மூதாதை. அந்தச் சங்கத்தின் பணப்பெட்டி எப்படி வறண்டது, எப்படி மீண்டும் ஊறியது என்பதைத் தெரிந்துகொள்வது, நம் ஊர்ச் சங்கத்தின் ஆண்டுக் கணக்கைப் படிக்கவும் உதவும்.

பஞ்சமும் ரொட்டிச் சங்கமும்

ரைன் நதிக்குக் கிழக்கே வெஸ்டர்வால்ட் என்ற மேட்டுநிலம் இருக்கிறது. குளிர் அதிகம், மண் அவ்வளவாக வளமில்லை. ஓட்ஸ், உருளைக்கிழங்கு, கொஞ்சம் கால்நடை, இவைதான் அங்குள்ள சிறு விவசாயியின் ஆஸ்தி. இந்தப் பகுதியில் ஹாம் என்ற ஊரில் 1818 மார்ச் 30-ந் தேதி பிறந்தவர் பிரெடெரிக் வில்ஹெல்ம் ரெய்பைசன். இளம் வயதில் பீரங்கிப் படையில் சேர்ந்தார். கண்ணோய் வந்து பார்வை மங்கவே ராணுவத்தை விட்டு, அரசாங்க நிர்வாக உத்தியோகத்துக்கு மாறினார். 1845-ல் வெய்யர்புஷ் என்ற ஊரையும் சுற்றியுள்ள சிற்றூர்களையும் சேர்த்து நிர்வகிக்கும் மேயராக நியமிக்கப்பட்டார். மேயர் என்றதும் பட்டணத்து மாநகராட்சியை நினைக்க வேண்டாம். நம் பழைய கிராம மணியத்தின் வேலைகளோடு பள்ளிக்கூடம், சாலை, ஏழைப் பராமரிப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் சுமந்த உத்தியோகம் அது.

அவர் பதவிக்கு வந்த நேரம் பொல்லாத நேரம். நீலகிரி விவசாயிகளுக்கு நன்கு தெரிந்த பின்கருகல் நோய் அப்போதுதான் ஐரோப்பாவில் முதன்முதலாகப் பரவி, உருளைக்கிழங்கை வயலிலேயே அழுக வைத்தது. 1846-ல் தானிய விளைச்சலும் கெட்டது. 1846-47 குளிர்காலத்தில் வெய்யர்புஷ் வட்டாரத்து ஏழைகள் பட்டினியை நெருங்கினர். அரசாங்கம் மாவு அனுப்பியது. ஆனால் ரொக்கத்துக்குத்தான் விற்க வேண்டும் என்று நிபந்தனை. கையில் காசு இருந்தால் அவர்கள் ஏன் பட்டினி கிடக்கப் போகிறார்கள்?

ரெய்பைசன் ஊரில் வசதியுள்ளவர்களைக் கூட்டினார். அவர்கள் பணம் போட்டார்கள். ரொட்டிச் சங்கம் ஒன்று உருவாயிற்று. ஊர்ப் பொதுவில் ரொட்டி அடுப்பு கட்டி, சந்தை விலையைவிட வெகு மலிவாக ரொட்டி கொடுத்தார்கள். கையில் காசு இல்லாதவர்களுக்குக் கடன் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். அடுத்த பருவத்துக்கு விதைக்கிழங்கும் வாங்கித் தந்தார்கள். பஞ்சம் தீர்ந்தது, சங்கத்தின் வேலையும் தீர்ந்தது. ஆபத்துக் காலத்துக்கென்று ஏற்பட்ட தருமம் ஆபத்து நீங்கியதும் முடிவது இயல்பே. அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

மாட்டுக்கடன்

1848-ல் அவர் ஃபிளாமர்ஸ்பெல்ட் என்ற ஊருக்கு மாற்றலானார். அங்கே பஞ்சத்தைவிடக் கெட்டியான வேறொரு தொல்லை இருந்தது. சிறு விவசாயிக்கு மாடு வாங்கப் பணமில்லை. மாட்டு வியாபாரி மாட்டைக் கடனாகக் கொடுப்பான். அல்லது மாடு தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று வளர்க்க மட்டும் விடுவான். பாலும் கன்றும் வட்டிக்குப் போகும். சாணமும் உழைப்பும் விவசாயிக்கு. மாடு செத்தால் கடன் மட்டும் சாகாமல் நிற்கும். நம் பக்கத்தில் வாரத்துக்கு மாடு வளர்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும்.

1849 இறுதியில் ரெய்பைசன் சுமார் 60 வசதியானவர்களைச் சேர்த்து, வசதியற்ற விவசாயிகளுக்கான உதவிச் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். இந்த 60 பேரும் கூட்டாக ஜாமீன் நின்றார்கள். அதாவது, சங்கம் வாங்கும் கடனுக்கு ஒவ்வொருவருடைய சொத்தும் ஈடு. அந்த ஜாமீனை நம்பிப் பணக்காரர்கள் சங்கத்துக்குக் கடன் கொடுத்தனர். அதில் மாடு வாங்கி விவசாயிகளுக்குக் கொடுத்து, 5 ஆண்டுத் தவணைகளில் பணத்தை வசூலித்தார்கள். பின்னர் மாடாகக் கொடுப்பதைவிட ரொக்கமாகக் கடன் கொடுப்பது எளிது என்று கண்டு அதற்கு மாறினார்கள்.

ரொட்டிச் சங்கத்திலிருந்து இது ஒரு பெரிய மாற்றம். முன்னதில் கொடுத்த பணம் வயிற்றுக்குப் போயிற்று. இதில் கொடுத்த பணம் மாடாகி, பாலாகி, திரும்பவும் பணமாகிப் பெட்டிக்கு வந்தது. இருந்தாலும் பணம் கேட்பவன் ஒருவன், ஜாமீன் நிற்பவன் வேறொருவன் என்ற அமைப்பு மாறவில்லை. இதன் பலன் என்ன என்பது அடுத்த ஊரில் தெரிந்தது.

ஹெட்டஸ்டார்ஃப் சங்கத்தின் 10 ஆண்டுகள்

1852-ல் அவர் நொய்வீட் நகரை அடுத்த ஹெட்டஸ்டார்ஃபுக்கு மேயராக வந்தார். 1854-ல் அங்கே தருமச் சங்கம் ஆரம்பமாயிற்று. அறுபதுக்குச் சற்றுக் குறைவான பேர் உறுப்பினர்கள், அனைவரும் வசதியானவர்கள். சங்கத்தின் நோக்கங்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். கவனிப்பாரற்ற பிள்ளைகளை வளர்ப்பது, வேலையற்றவர்களுக்கும் சிறையிலிருந்து விடுதலையானவர்களுக்கும் வேலை தேடிக் கொடுப்பது, ஏழை விவசாயிகளுக்கு மாடு வாங்கிக் கொடுப்பது, வாசகசாலை நடத்துவது, கடன் நிதி நடத்துவது. ஒரு சின்ன ஊர்ச் சங்கம் இத்தனையையும் தலையில் எடுத்துக்கொண்டது.

நோக்கங்கள் எல்லாம் நல்லவைதாம். ஆனால் வரவு செலவு என்ற கண்ணோடு பார்த்தால் இவை இரண்டு ஜாதி. பிள்ளைகளை வளர்ப்பதும் வாசகசாலையும் ஆண்டுதோறும் பணத்தை எடுத்துக்கொள்ளும், திருப்பித் தராது. கடன் நிதியோ எடுத்ததைத் திருப்பித் தரும். ஒரே பெட்டியிலிருந்து இரண்டையும் நடத்தினால், முதல் ஜாதிச் செலவு ஒவ்வோர் ஆண்டும் புது நன்கொடையை எதிர்பார்த்தே நிற்கும். நன்கொடையாளர் சலித்த அன்று அது நின்றுவிடும். ஹெட்டஸ்டார்ஃபில் அப்படியே நடந்தது. மற்ற வேலைகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து மறைந்தன. கடன் கொடுக்கும் வேலை ஒன்றே நிலைத்தது.

அதற்கும் ஆபத்து வந்தது. இந்த இடத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும்.

கடன் வாங்கியவர்கள் சங்கத்தில் உறுப்பினர்கள் அல்லர். அவர்களுக்குச் சங்கத்தின் கணக்கைப் பற்றிக் கவலையும் இல்லை, கேட்கும் உரிமையும் இல்லை. உறுப்பினர்களோ கடன் வாங்கவில்லை. ஆனால் யார் கட்டத் தவறினாலும் நஷ்டம் அவர்கள் தலையில். ஆரம்பத்தில் இரக்கமும் மேயர் மீதிருந்த மரியாதையும் அவர்களைக் கையெழுத்துப் போட வைத்தன. ஆண்டுகள் ஆக ஆக, யாரோ வாங்கும் கடனுக்குத் தம் வீட்டையும் நிலத்தையும் ஈடாக வைத்திருப்பது அவர்களுக்கு உறுத்தியது. ஒருவர் பின் ஒருவராக விலக விரும்பினார்கள். ஜாமீன்தாரர் விலகினால், அந்த ஜாமீனை நம்பிச் சங்கத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் அதைத் திருப்பிக் கேட்பார்கள். கடன் கொடுத்த பணமோ விவசாயிகளிடம் தவணையில் கிடக்கிறது. ஆக, வசூல் ஒழுங்காக இருந்தாலும்கூட ஒரு சங்கம் மூச்சு முட்டிப் போகலாம்.

அதே காலத்தில் ஜெர்மனியின் இன்னொரு பகுதியில் டெலிட்ஷ் என்ற ஊரைச் சேர்ந்த ஷூல்ஸ் என்பவர், தச்சர், தையற்காரர் போன்ற கைத்தொழிலாளர்களுக்குக் கடன் சங்கங்கள் நடத்தி வந்தார். பிறர் தருமத்தில் நடக்கும் சங்கம் நிலைக்காது, கடன் வேண்டுவோர் தாமே சேர்ந்து தமக்கு உதவிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. ரெய்பைசன் அவரோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார். ரெய்பைசனுக்கு இந்தக் கருத்து எளிதில் இறங்கவில்லை. அவர் பக்தியுள்ள கிறிஸ்தவர். இருப்பவன் இல்லாதவனுக்குக் கொடுப்பது கடமை என்று நம்பியவர். எனினும் 10 ஆண்டுக் கணக்குப் புத்தகம் சொன்னதை அவர் ஒதுக்கிவிடவில்லை. 1862-ல் பக்கத்திலுள்ள அன்ஹவுசனில் புது முறையில் ஒரு கடன் சங்கம் ஏற்பட்டது. 1864-ல் ஹெட்டஸ்டார்ஃப் தருமச் சங்கம் முடிந்து, ஹெட்டஸ்டார்ஃப் கடன் சங்கம் பிறந்தது.

என்ன மாறியது?

முதல் மாற்றம், கடன் வேண்டுபவர் உறுப்பினராக வேண்டும். உறுப்பினரானவர் எல்லாருடைய கடனுக்கும் வரம்பின்றிப் பொறுப்பேற்க வேண்டும். 5 ஏக்கர்க்காரரும் ஒரு பசு வைத்திருப்பவரும் ஒரே ஜாமீனில் கட்டுண்டார்கள். வாங்குபவனும் நஷ்டம் தாங்குபவனும் ஒரே ஆளாகிவிட்டதால், பக்கத்து வீட்டுக்காரர் கடன் பணத்தில் கல்யாண விருந்து போட்டால் அதைக் கேட்கும் உரிமை எல்லாருக்கும் வந்தது.

இப்படிப்பட்ட ஜாமீன் பெரிய பரப்பில் செல்லாது. ஒருவர் குணம் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகையால் சங்கத்தின் எல்லை ஒரு மாதாகோவில் வட்டாரத்தோடு நின்றது. கடன் இன்ன காரியத்துக்கு என்று சொல்லி, அதற்கே செலவிட வேண்டும். தவணை காரியத்தைப் பொறுத்தது. மாட்டுக்கும் நிலச் சீர்திருத்தத்துக்கும் 10 ஆண்டுவரை தவணை தரலாம் என்று ரெய்பைசன் வைத்தார். ஷூல்ஸுக்கு இது பிடிக்கவில்லை. அவருடைய தொழிலாளர் சங்கங்களில் தவணை 3 மாதம். தையற்காரர் துணி வாங்கித் தைத்து விற்க 3 மாதம் போதும். கன்று ஈன்று பால் கறக்க 3 மாதம் போதுமா? இருவரும் 1870-களில் நெடுநாள் வாக்குவாதம் செய்தார்கள். விவசாயத்தைப் பொறுத்தவரை ரெய்பைசன் பக்கமே நியாயம் என்று தோன்றுகிறது.

நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது. கணக்கருக்கு மட்டும் ஒரு சிறு தொகை உண்டு. ஆனால் யாருக்குக் கடன் என்று தீர்மானிப்பதில் அவருக்கு வாக்கில்லை. கணக்கு எழுதுபவரும் கடனைத் தீர்மானிப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற இந்த ஏற்பாட்டை இன்றைய தணிக்கையாளர்களும் பாராட்டுவார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது லாபத்தைப் பற்றிய விதி. சங்கம் ஒரு வட்டிக்குப் பணம் வாங்கிச் சற்றுக் கூடுதல் வட்டிக்குக் கொடுக்கும். செலவு போக மிஞ்சுவதை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது என்றார் ரெய்பைசன். அது முழுவதும் ஒரு நிரந்தர நிதியில் சேர வேண்டும். சங்கமே கலைந்தாலும் அந்த நிதியைப் பிரிக்கக் கூடாது. அதே வட்டாரத்தில் அதே நோக்கத்தோடு வேறொரு சங்கம் தோன்றும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பிற்காலத்தில் சட்டத்தின் கட்டாயத்தால் பங்குத் தொகை முறையை அவருடைய சங்கங்களும் ஏற்க நேர்ந்தது. பிரிக்க முடியாத நிதி என்ற கொள்கையை மட்டும் அவர் விட்டுக் கொடுக்கவில்லை.

சேம நிதி எப்படி ஊறுகிறது?

இந்த நிதியின் அருமை கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். எளிதாக விளங்குவதற்காக ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஒரு சிறு சங்கம் 6 சதவீத வட்டிக்கு 20 லட்சம் ரூபாய் வாங்கி, 8 சதவீத வட்டிக்கு உறுப்பினர்களுக்குக் கொடுக்கிறது. வட்டி வித்தியாசம் 2 சதவீதம். ஆண்டுக்கு 40,000 ரூபாய். கணக்கர் ஊதியம், காகிதம், மின்கட்டணம் எல்லாமாக 25,000 ரூபாய் செலவு. மிச்சம் 15,000. இதைப் பங்கிடாமல் சேமித்தால் 10 ஆண்டில் 1,50,000 ரூபாய் சேர்கிறது.

அதோடு முடியவில்லை. இந்த ஒன்றரை லட்சமும் சங்கத்தின் சொந்தப் பணம். இந்த அளவுக்கு வெளியே வட்டிக்கு வாங்குவது குறையும். 6 சதவீத வட்டி வீதம் ஆண்டுக்கு 9,000 ரூபாய் மிச்சம். அதாவது 11-ம் ஆண்டில் மிச்சம் 15,000 அல்ல; 24,000. இன்னும் சில ஆண்டுகளில் சங்கம் கடனுக்கான வட்டியைக் குறைக்கவும் முடியும். வயல் கிணற்றில் ஊற்று திறந்ததுபோல் இது.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். அதே சங்கத்தில் ஆளுக்கு 50,000 ரூபாய் வாங்கிய மூன்று பேர் திருப்பித் தரவேயில்லை. மொத்தம் 1,50,000. மூன்றே பேர் 10 ஆண்டு உழைப்பைத் துடைத்துவிட்டார்கள். 2 சதவீத வித்தியாசத்தில் பிழைக்கும் சங்கத்துக்கு வாராக்கடன் எவ்வளவு பெரிய கொள்ளைநோய் என்பது இதிலிருந்து தெரியும். சங்கத்துக்கு ஒரு தனவந்தர் ஒரு லட்சம் நன்கொடை கொடுத்தால் அந்த ஆண்டு வரவுக் கணக்கு ஜொலிக்கும். அடுத்த ஆண்டு பழையபடி 40,000 தான். அந்த ஓர் ஆண்டு வரவை நம்பி மாதச் சம்பளத்துக்கு இன்னொரு ஆளைச் சேர்த்துக்கொண்ட சங்கங்கள் பின்னால் படும் பாடு சொல்லி மாளாது.

ரெய்பைசன் 1865-ல், உடல்நலக் குறைவால், 47-ம் வயதிலேயே உத்தியோகத்தை விட்டார். கண்பார்வை மேலும் மங்கியது. ஓய்வூதியம் குடும்பத்துக்குப் போதவில்லை. திராட்சை மது வியாபாரம் செய்து குடும்பம் நடத்தினார். 1866-ல் கடன் சங்கங்களைப் பற்றித் தம் அனுபவங்களைப் புத்தகமாக வெளியிட்டார். மகள் அமாலி அவருக்குக் கண்ணாகவும் எழுத்தராகவும் இருந்தார். தனித்தனிச் சங்கங்களில் ஓரிடத்தில் பணம் தேங்கும், ஓரிடத்தில் தட்டுப்படும் என்று கண்டு, 1872-ல் நொய்வீட்டில் சங்கங்களுக்கெல்லாம் பொதுவான வங்கி ஒன்றை ஏற்படுத்தினார். 1888 மார்ச் 11-ந் தேதி அவர் காலமானபோது, அவர் முறைப்படி நடந்த சங்கங்கள் 400-க்கு மேல் இருந்தன.

நம் நாட்டுக்கு வந்த வழி

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின், விவசாயிகளின் கடன் சுமை அரசாங்கத்தின் கவனத்தை இழுத்தது. 1883, 1884-ம் ஆண்டுச் சட்டங்களின்படி தக்காவிக் கடன் கொடுத்துப் பார்த்தார்கள். தாலுகா கச்சேரிக்கு நடந்து கால் தேய்ந்ததே தவிர, பெரும்பாலோர் லேவாதேவிக்காரரைவிட்டு விலகவில்லை. பட்டணங்களில் நிதி என்ற பெயரில் சேமிப்புச் சங்கங்கள் ஏற்கெனவே நடந்து வந்தன. கிராமத்துக்கு அவை எட்டவில்லை.

1892-ல் சென்னை அரசாங்கம் பிரெடெரிக் நிக்கல்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை, ஐரோப்பிய நாடுகளில் விவசாயிகளுக்குக் கடன் கிடைக்கும் முறைகளை ஆராய நியமித்தது. கோயம்புத்தூர் ஜில்லா கையேட்டைத் தொகுத்தவர் இவரே. பின்னாளில் சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறைக்கு அடிகோலியவரும் இவர்தான். 1895-லும் 1897-லும் இரு பகுதிகளாக அவருடைய அறிக்கை வெளிவந்தது. பல நாடுகளை அலசிய பின் அவர் கண்ட முடிவைச் சுருக்கமாகச் சொன்னால், நம் நாட்டுக்கும் ஒரு ரெய்பைசனைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பதே.

இதையொட்டி 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதன் ஷரத்துக்களைப் படித்தால் ஹெட்டஸ்டார்ஃப் நினைவுக்கு வரும். 10 பேர் சேர்ந்தால் சங்கம். கிராமச் சங்கத்தில் ஐந்தில் நாலு பங்கு உறுப்பினர்கள் விவசாயிகளாக இருக்க வேண்டும். பொறுப்பு வரம்பற்றது. லாபம் சேம நிதிக்குப் போக வேண்டும். ஆண்டுதோறும் ரிஜிஸ்தரார் தணிக்கை செய்ய வேண்டும். அதே 1904-ல் அப்போதைய செங்கற்பட்டு ஜில்லாவில், திருவள்ளூரை அடுத்த திரூரில் மாகாணத்தின் முதல் கிராமக் கடன் சங்கம் தோன்றியது. 1905-ல் சென்னையில் மத்திய நகர வங்கி ஏற்பட்டது. இன்றைய தமிழ்நாடு மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கியின் ஆரம்பம் அது. நொய்வீட் வங்கி செய்த வேலையை இங்கே செய்ய வந்த ஸ்தாபனம். 1912-ம் ஆண்டுச் சட்டம், கடன் தவிர்த்த மற்றக் காரியங்களுக்கும் சங்கம் அமைக்க வழி செய்தது. நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்காவது சேம நிதிக்குப் போக வேண்டும் என்றும் அது விதித்தது.

விதிகள் வந்தன. ஆனால் விதியோடு வர வேண்டிய பழக்கம் எல்லா ஊர்களிலும் வரவில்லை. தவணை நாளன்று பழைய கடனைக் கட்டியதாக எழுதி, அன்றே அதே தொகையைப் புதுக் கடனாக எழுதும் சரிக்கட்டு வேலை பல இடங்களில் நடந்தது. புத்தகத்தில் நூற்றுக்கு நூறு வசூல். பெட்டியில் ஒரு காசு கூடவில்லை. 1929-ல் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை வீழ்ந்தபோது, சங்கங்களின் பலவீனம் வெளிப்பட்டது. விலை நன்றாக இருந்தபோது வாங்கிய கடனை, விலை வீழ்ந்த பிறகு அதே நெல்லை விற்று அடைக்க முடியவில்லை. வரம்பற்ற பொறுப்பு என்பது அப்போது ஏழைகளுக்குப் பாதுகாப்பாக இராமல் பயமாக மாறியது. சங்கம் கலைக்கப்பட்டால், ஒழுங்காகக் கட்டியவரின் நிலத்துக்கும் வில்லங்கம் வரக்கூடுமல்லவா?

1951-52-ல் எடுத்து 1954-ல் வெளியான அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வு ஓர் உண்மையை முகத்தில் அறைந்தாற்போல் சொன்னது. விவசாயிகள் வாங்கிய மொத்தக் கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது 3.1 சதவீதம் மட்டுமே. அரை நூற்றாண்டு முயற்சியின் பலன் அவ்வளவுதான். அதன் பிறகு அரசாங்கம் பங்குத் தொகை போட்டுச் சங்கங்களில் கூட்டாளியாயிற்று. எல்லைகள் விரிந்தன. வரம்பற்ற பொறுப்பு போய், பங்குத் தொகையோடு நிற்கும் வரம்புடைய பொறுப்பு வந்தது. விதை, உரம், ரேஷன் கடை, நகைக்கடன் எல்லாம் சங்கத்துக்குள் வந்தன. சிறு விவசாயிக்குக் கிடைத்த கடனின் அளவு பெருகியது என்பதை யாரும் மறுக்க முடியாது.

அதே சமயம் ஹெட்டஸ்டார்ஃப் தருமச் சங்கத்தின் பழைய கோளாறு வேறு வடிவில் உள்ளே வந்துவிட்டது. கடன் வாங்குபவர் உறுப்பினர்தான். ஆனால் நஷ்டம் யார் தலையில் என்றால், அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்பது பொது எண்ணம். தமிழ்நாட்டில் 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் தள்ளுபடியாயின. 2021-ல் மட்டும் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்க் கடன் தள்ளுபடி செய்யப்பட்டது. வறட்சியிலும் புயலிலும் அடிபட்ட விவசாயிக்கு இது உயிர்ப்பிச்சை. அதை வேண்டாமென்று சொல்ல வயலைப் பார்த்தவர் எவருக்கும் மனம் வராது. ஆயினும் சங்கத்தின் கணக்கில் நடப்பது வேறு. விவசாயியின் பாக்கி, அரசாங்கத்தின் பாக்கியாகப் பெயர் மாறுகிறது. அந்தப் பணம் கைக்கு வரும்வரை சங்கம் தான் வாங்கிய கடனுக்குப் பதில் சொல்ல வேண்டும். தவணை தவறாமல் கட்டிய உறுப்பினர், நாம்தான் ஏமாந்தோமோ என்று நினைக்கவும் இடம் உண்டாகிறது. இந்த மனக்குறை எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. உரிய காலத்தில் பயிர்க்கடனைக் கட்டுபவருக்கு வட்டியில்லை என்ற ஏற்பாடு இந்தக் குறையை ஓரளவு ஈடு செய்கிறது.

ஆண்டறிக்கையில் பார்க்க வேண்டியவை

சங்கத்தின் பொதுப்பேரவைக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு படிக்கப்படும்போது பெரும்பாலோர் காதில் விழுவது மொத்தத் தொகைகள்தாம். இத்தனை கோடி கடன் கொடுத்தோம் என்பது சங்கத்தின் பரபரப்பைக் காட்டுமேயன்றி ஆரோக்கியத்தைக் காட்டாது. ஐந்தாறு ஆண்டு ஐந்தொகைகளை வரிசையாக வைத்துக்கொண்டு, சேம நிதி என்ற ஒரு வரியை மட்டும் படித்துப் பாருங்கள். அது ஆண்டுதோறும் கொஞ்சமாவது ஏறுகிறதா, அப்படியே நிற்கிறதா என்பது கண்ணில் படும். கூடவே திரண்ட நஷ்டம் என்று எதிர்ப்பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சேம நிதி 3 லட்சம், திரண்ட நஷ்டம் 5 லட்சம் என்றால், சேம நிதி பெயரளவில்தான் இருக்கிறது என்று பொருள்.

அடுத்து, தவணை தவறிய பாக்கி. மொத்தம் எவ்வளவு என்பதோடு, 3 ஆண்டுக்கு மேற்பட்டது எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். மழை பொய்த்ததால் ஓர் ஆண்டு நின்ற பாக்கி அடுத்த விளைச்சலில் வந்துவிடும். மூன்று விளைச்சல் பார்த்தும் வராத பாக்கி வருவது கடினம். அதற்குத் தக்கபடி லாபத்தில் ஒதுக்கீடு செய்திருக்கிறார்களா என்பது தணிக்கை அறிக்கையில் இருக்கும்.

வரவில் மானியமும் அரசாங்கத்திலிருந்து வர வேண்டியதும் எவ்வளவு, வட்டியிலும் வியாபாரத்திலும் சங்கமே சம்பாதித்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதும் அவசியம். சம்பளமும் நிர்வாகச் செலவும் சங்கத்தின் சொந்தச் சம்பாத்தியத்துக்குள் அடங்கினால் நிம்மதி. அடங்காவிட்டால், ஓர் ஆண்டு மானியம் தாமதமானாலும் சங்கம் உறுப்பினர்களின் டெபாசிட்டில் கை வைக்கும். கூட்டுறவுச் சங்கம் மட்டுமல்ல. ஏரிப் பாசன சங்கம், உழவர் மன்றம், உழவர் உற்பத்தியாளர் குழு, ஊர்க் கோசாலை எதுவானாலும் இதே அளவுகோல் பொருந்தும். கட்டடம் கட்டவென்று வந்த நன்கொடையை அன்றாடச் செலவில் கலக்காமல் தனிக் கணக்கில் வைத்திருக்கிறார்களா என்பதையும் அவற்றில் கவனிக்க வேண்டும்.

ரெய்பைசனின் ஊர்களான ஹாம், வெய்யர்புஷ், ஃபிளாமர்ஸ்பெல்ட், நொய்வீட் ஆகியவற்றை இணைக்கும் சாலைக்கு இன்று அவர் பெயர். கூட்டுறவு என்ற கருத்தையும் அதன் நடைமுறையையும் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாக யுனெஸ்கோ 2016-ல் பட்டியலில் சேர்த்தது. ஜெர்மனி கொடுத்த விண்ணப்பத்தின் பேரில் சேர்ந்தது அது.

நம் ஊர்ச் சங்கத்தின் ஐந்தொகையையும் தணிக்கை அறிக்கையையும் பேரவைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே செயலாளரிடம் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. கூட்டத்தன்று மேஜைமேல் வைக்கும் ஒரே பிரதியை அத்தனை பேர் படிக்க நேரம் இராது. எழுத்துப் படிக்கச் சிரமப்படுபவர்கள் பள்ளி இறுதி வகுப்பு படித்த பிள்ளைகளைக் கொண்டு, மேலே சொன்ன வரிகளை மட்டுமாவது ஒரு தாளில் ஆண்டுவாரியாக எழுதி வைத்துக்கொள்ளலாம்.